தவறு யாருடையது என்பது பிறகு: விபத்து நடந்த உடனே ஓட்டுநர் செய்ய வேண்டியவை

உரிமம் வாங்கிய முதல் ஆண்டில், சிக்னலில் நின்றுகொண்டிருந்த என் காரின் பின்புறத்தில் ஒரு பைக் வந்து மோதியது. ஓட்டிவந்த இளைஞருக்கு முழங்கையில் எலும்பு முறிவு. ஆம்புலன்ஸை வரவழைத்து அவரை ஏற்றி அனுப்பினேன். பம்பரை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். நின்ற வண்டியில் வந்து மோதியவர் அவர், எனக்கு இதில் என்ன வேலை என்று நினைத்தேன். காவல் நிலையத்துக்குப் போகவில்லை, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் ஒரு வரி எழுதவில்லை. சில மாதங்கள் கழித்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. நான் காரைப் பின்னோக்கி எடுத்ததால்தான் மோதல் நடந்தது என்று மனுவில் எழுதியிருந்தது. அதை மறுக்க என்னிடம் ஒரு படம் இல்லை, ஒரு ரசீது இல்லை, பார்த்தவர் ஒருவரின் பெயர்கூட இல்லை.

அன்று எனக்குத் தெரியாமல் போனது இதுதான்: இந்தியச் சட்டம் ஓட்டுநர்மீது வைக்கும் கடமைகள், தவறு செய்தவருக்கு மட்டும் உரியவை அல்ல. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். வண்டி ஒன்று சம்பந்தப்பட்ட விபத்தில் யாருக்காவது காயம் ஏற்பட்டாலோ, பிறர் சொத்துக்குச் சேதம் ஏற்பட்டாலோ, அந்த வண்டியின் ஓட்டுநர் என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. மோதியவரா, மோதப்பட்டவரா என்று அது கேட்பதில்லை. 'ஓட்டுநர்' என்ற சொல்லில் வண்டியின் உரிமையாளரும் அடங்குவார் என்று ஒரு விளக்கமும் அதில் உண்டு. ஆகவே உங்கள் வண்டியைத் தம்பி எடுத்துப் போயிருந்தாலும் நீங்கள் ஒதுங்கி நிற்க முடியாது.

புதிதாக வண்டி ஓட்டத் தொடங்கியிருப்பவர்களுக்காக, நடக்கும் வரிசையிலேயே இதை எழுதுகிறேன்.

முதல் சில நிமிடங்கள்

நிறுத்துங்கள். கேட்க எளிதாக இருக்கும் இதில்தான் மிகப் பலர் தவறுகிறார்கள். சத்தம் கேட்டதும் கால் தானாக ஆக்சிலரேட்டரை மிதிக்கும். அது பயத்தின் வேலை. ஐம்பது மீட்டர் தாண்டிப் போயிருந்தாலும் ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பி நடந்து வாருங்கள்.

என்ஜினை அணையுங்கள். நான்கு இண்டிகேட்டர்களும் சேர்ந்து மினுக்கும் அபாய விளக்கைப் போடுங்கள். வண்டியோடு கொடுத்த சிவப்பு முக்கோணம் டிக்கியில் கிடக்கும். அதை எடுத்துப் பின்னால் வரும் வண்டிகளுக்குத் தொலைவிலேயே தெரியும்படி வையுங்கள். நெடுஞ்சாலையில், இரவு நேரத்தில், முதல் விபத்தைவிட அதன்மேல் வந்து மோதும் அடுத்த வண்டிதான் அதிக உயிர்களைக் கேட்கக்கூடும்.

அடுத்தது தொலைபேசி. ஆம்புலன்ஸுக்கு 108, எல்லா அவசரத்துக்கும் பொதுவாக 112, தேசிய நெடுஞ்சாலையில் 1033. இடத்தைச் சொல்லும்போது கிலோமீட்டர் கல், சுங்கச்சாவடி, பாலம், பெட்ரோல் பங்க் என்று கண்ணில் படும் அடையாளத்தோடு சொல்லுங்கள்.

காயம்பட்டவர்

134ஆவது பிரிவின் முதல் கடமை இது: காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்க, நியாயமாகச் செய்யக்கூடிய எல்லாவற்றையும் ஓட்டுநர் செய்ய வேண்டும், அருகிலுள்ள மருத்துவரிடமோ மருத்துவமனையிலோ அவரைச் சேர்ப்பது உட்பட. ஆம்புலன்ஸ் விரைவில் வரும் என்றால் காத்திருப்பது நல்லது. கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரை அனுபவம் இல்லாதவர்கள் கைகால்களைப் பிடித்துத் தூக்கினால் தண்டுவடம் கெட்டுப்போக வாய்ப்புண்டு. தீப்பிடிக்கும் ஆபத்தோ வேறு வண்டி ஏறும் ஆபத்தோ இல்லாவிட்டால் அசைக்காதீர்கள், ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள். ரத்தம் கொட்டும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்று தெரிந்தால் கிடைக்கிற வண்டியில் ஏற்றிச் செல்லுங்கள். காயம்பட்ட பின் வரும் முதல் ஒரு மணி நேரத்தை 'பொன்னான நேரம்' என்று சட்டமே தனியாக வரையறுத்திருக்கிறது.

'இது போலீஸ் கேஸ், முதலில் எழுதிக்கொண்டு வாருங்கள்' என்று எந்த மருத்துவமனையும் திருப்பி அனுப்பக்கூடாது. பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. சடங்குகளுக்குக் காத்திராமல் உடனே சிகிச்சை தருவது மருத்துவரின் கடமை என்பது 134ஆவது பிரிவிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பணத்துக்காகவும் யாரும் தயங்க வேண்டாம். 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசின் திட்டப்படி, சாலை விபத்தில் காயம்பட்டவருக்கு, திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் ஏழு நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமின்றிச் சிகிச்சை உண்டு. அவருடைய வீட்டாருக்கு இந்தத் தகவலைச் சொல்லுங்கள். பலருக்குத் தெரிவதில்லை.

மருத்துவமனையில் ஓர் இடத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். 'எப்படி அடிபட்டது, யார் கூட்டி வந்தது' என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். காவல் துறையும் இன்சூரன்ஸ் நிறுவனமும் தீர்ப்பாயமும் பிற்பாடு முதலில் தேடுவது அந்தப் பக்கத்தைத்தான். 'கீழே வழுக்கி விழுந்துவிட்டார்' என்று சொன்னால் வம்பில்லை என யாராவது காதில் ஓதுவார்கள். சொல்லாதீர்கள். அந்த ஒரு பொய், காயம்பட்டவருக்குக் கிடைக்க வேண்டிய இழப்பீட்டைத் தடுக்கும். உங்களையும் உண்மையை மறைத்தவராகக் காட்டும். நடந்ததை நடந்தபடி, உங்கள் சொந்தப் பெயரில் சொல்லுங்கள்.

உதவிக்கு ஓடி வரும் வழிப்போக்கர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சட்டத்தின் 134ஏ பிரிவு, 2019இல் சேர்க்கப்பட்டது, அவர்களுக்கு முழுப் பாதுகாப்பு தருகிறது. பெயர் சொல்லும்படி அவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது, மருத்துவமனையில் பிடித்து வைக்கவும் முடியாது. நீங்களும் மிரட்டாமல், 'பார்த்ததைச் சொல்ல முடியுமா, உங்கள் எண் கிடைக்குமா' என்று பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலானோர் தருவார்கள்.

கூட்டம் ஆத்திரப்பட்டால்

புதியவர்கள் எல்லோரும் அஞ்சுவது இதற்குத்தான், அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. சட்டத்தை எழுதியவர்களும் அதை அறிந்திருக்கிறார்கள். கூட்டத்தின் ஆத்திரத்தாலோ தன் கட்டுப்பாட்டை மீறிய வேறு காரணத்தாலோ இயலாமல் போனால், காயம்பட்டவரை மருத்துவமனையில் சேர்க்கும் கடமையிலிருந்து விலக்கு உண்டு என்று அதே பிரிவு சொல்கிறது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் அங்கிருந்து விலகிப் போகலாம். ஆனால் அந்த விலக்கு அந்த ஒரு கடமைக்கு மட்டும்தான். தகவல் சொல்லும் கடமை அப்படியே நிற்கிறது. உதவ முடியாமல் போன காரணத்தையும் சேர்த்தே காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும் என்றும் சட்டம் கேட்கிறது.

எனவே விலகினால் போக வேண்டிய இடம் வீடு அல்ல, அருகிலுள்ள காவல் நிலையம். போகும்போதே 112ஐயும் 108ஐயும் அழைத்துவிடுங்கள். அழைத்த நேரம் உங்கள் தொலைபேசியில் பதிவாகும். நீங்கள் தப்பி ஓடவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

தப்பி ஓடுவதன் விலை என்ன? 132(1)(அ), 133, 134 ஆகிய பிரிவுகளின் கடமைகளைச் செய்யத் தவறினால், 187ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை செய்தால் ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். இது விபத்துக்கான தண்டனை அல்ல, கடமையைச் செய்யாததற்கு மட்டும். கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது இரண்டு ஆண்டாக இருந்தது. மரணம் விளைவித்துவிட்டுக் காவல் துறைக்குச் சொல்லாமல் தப்பினால் பத்து ஆண்டு வரை என்று 106(2) எழுதப்பட்டது. 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியது இதை எதிர்த்துத்தான். 2024 ஜூலை 1 அன்று சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது இந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. ஆனாலும் 106(1) அப்படியே நடைமுறையில் இருக்கிறது. அது ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். காவல் நிலையத்துக்குப் போனால் வாழ்க்கையே முடிந்தது என்ற எண்ணத்தில்தான் பலர் ஓடுகிறார்கள்.

பெயர், முகவரி, படங்கள்

விபத்தில் பாதிக்கப்பட்டவர் தன் பெயரையும் முகவரியையும் தந்து உங்களுடையதைக் கேட்டால், உங்கள் பெயர், முகவரி, வண்டி உரிமையாளரின் பெயர், முகவரி ஆகியவற்றைத் தர வேண்டும். இது 132ஆவது பிரிவு. சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத, சீருடையில் உள்ள அதிகாரி கேட்டுக்கொண்டால், வண்டியைத் தேவையான நேரம் வரை, 24 மணி நேரத்துக்கு மிகாமல், அங்கேயே நிறுத்தி வைக்க வேண்டும். மனிதர்களுக்கு மட்டுமல்ல, விலங்குகளுக்கு நேரும் விபத்துக்கும் இந்தப் பிரிவு பொருந்தும். குதிரை, மாடு, யானை, ஒட்டகம், கழுதை, கோவேறு கழுதை, செம்மறியாடு, வெள்ளாடு என்று பட்டியலே இருக்கிறது. பட்டியலில் நாய் இல்லை. இருந்தாலும் அடிபட்ட நாயைச் சாலையில் துடிக்க விட்டுப் போகாதீர்கள் என்பது என் வேண்டுகோள்.

வண்டிகளை நகர்த்துவதற்கு முன் படம் எடுங்கள். முதலில் தள்ளி நின்று, சாலை முழுவதும் தெரிய. பிறகு இரண்டு வண்டிகளின் நிலை, பதிவு எண்கள், டயர் இழுபட்ட தடம், சிதறிய கண்ணாடி, சிக்னல், பள்ளம், எரியாத தெருவிளக்கு. காயம்பட்டவரின் முகத்தை எடுத்துப் பரப்பாதீர்கள். பெருங்காயமோ மரணமோ என்றால் காவலர் வரும் வரை வண்டியை நகர்த்தாமல் இருப்பதே நல்லது. போக்குவரத்துக்கு ஆபத்தாகக் குறுக்கே கிடந்தால் மட்டும் படம் எடுத்து, சக்கரம் நின்ற இடத்தைக் குறித்துவிட்டு ஓரம் கட்டலாம். வண்டியில் கேமரா இருந்தால் மெமரி கார்டை அன்றே கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். தொடர்ந்து ஓட்டினால் பழைய காட்சியின்மேல் புதியது பதிந்துவிடும்.

காவல் நிலையத்தில்

காவலர் அந்த இடத்துக்கு வந்திருந்தால் அவர் கேட்கும் விவரங்களைத் தர வேண்டும். வரவில்லை என்றால் அருகிலுள்ள காவல் நிலையத்தில் கூடிய விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், நடந்ததைத் தெரிவிக்க வேண்டும். யாருக்கும் காயமில்லை, ஒருவர் வீட்டுச் சுற்றுச்சுவர் இடிந்தது, அவ்வளவுதான் என்றாலும் பிறர் சொத்து என்பதால் இந்தக் கடமை உண்டு.

வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள், எழுதிக் கொடுங்கள். பெரிய சொற்கள் வேண்டாம், இப்படி இருந்தால் போதும்:

'ஐயா, இன்று மாலை சுமார் 6.40 மணிக்கு இன்ன சாலையில், இன்ன சந்திப்புக்கு அருகே, இன்ன பதிவு எண் கொண்ட காரை நான் ஓட்டி வந்தேன். இன்ன பதிவு எண் கொண்ட இருசக்கர வாகனமும் என் காரும் மோதிக்கொண்டன. அதில் வந்தவருக்குக் காலில் காயம் ஏற்பட்டது. 108 ஆம்புலன்ஸை அழைத்து, இன்ன மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தேன். என் ஓட்டுநர் உரிம எண்ணும் இன்சூரன்ஸ் பாலிசி எண்ணும் கீழே உள்ளன. அப்போது எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன்.'

'மோதிக்கொண்டன' என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். யார்மீது தவறு என்று அதில் இல்லை, அதைத் தீர்மானிப்பது உங்கள் வேலையும் அல்ல. பதற்றத்தில் 'எல்லாம் என் தப்பு' என்று எழுதுவதும், கோபத்தில் 'அவன் குடித்திருந்தான்' என்று எழுதுவதும் ஒரே அளவு தீங்கானவை. கண்டதையும் செய்ததையும் மட்டும் எழுதுங்கள். தன்னையே குற்றவாளியாக்கும் வாக்குமூலத்தைத் தரும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பது அரசியலமைப்பின் 20(3) பிரிவு தரும் உரிமை. விசாரணையில் காவலர் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்திடத் தேவையில்லை. ஆனால் இந்த உரிமையைக் காட்டி, பெயரையும் உரிமத்தையும் விபத்து நடந்த விவரத்தையும் மறைக்க முடியாது.

கொடுத்த மனுவுக்கு ஒப்புகை கேட்டு வாங்குங்கள். தமிழ்நாட்டில் அதை சி.எஸ்.ஆர். ரசீது என்பார்கள். வழக்குப் பதிவானால் முதல் தகவல் அறிக்கையின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். உரிமம், பதிவுச் சான்று, இன்சூரன்ஸ் ஆகியவற்றை டிஜிலாக்கரில் காட்டினாலும் செல்லும்.

மது அருந்தியிருக்கலாம் என்று நியாயமான சந்தேகம் இருந்தால் மூச்சுப் பரிசோதனைக்குக் காவலர் கேட்கலாம். 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். தகுந்த காரணமின்றி மறுத்தால், அந்த மறுப்பே உங்களுக்கு எதிரான சான்றுக்கு வலுச் சேர்ப்பதாகக் கொள்ளப்படலாம்.

ஆள்மாற்றம் பற்றி வருத்தத்தோடு எழுதுகிறேன். மகன் ஓட்டினான், அவனுக்கு உரிமம் இல்லை, அப்பா 'நான்தான் ஓட்டினேன்' என்று போய் நிற்பார். பாசம்தான் காரணம், புரிகிறது. ஆனால் இன்று சாலையோரக் கடைக்குக் கடை கேமரா இருக்கிறது. பொய்த் தகவல் தந்ததும் சான்றை மறைத்ததும் தனிக் குற்றங்களாகச் சேர்ந்து, ஒருவர்மீது இருந்த வழக்கு இருவர்மீது ஆகிவிடும். பதினெட்டு வயது நிரம்பாதவர் ஓட்டியிருந்தால் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. சாவியைக் கொடுக்கும் முன் நினைத்துப் பார்க்க வேண்டியது அது.

'ஐயாயிரம் கொடுத்து முடித்துவிடுவோம்'

சாலையோரத்தில் இதைச் சொல்ல எப்போதும் ஒருவர் இருப்பார். சிறு கீறலுக்கு இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்வது நடைமுறையில் நடப்பதுதான். ஒருவருக்குக் காயம் என்றால் மட்டும் இதற்கு இணங்காதீர்கள். அப்போது எழுந்து நடந்தவருக்கு இரவில் தலைக்குள் ரத்தம் கசிவது தெரியவரலாம். பணம் கைமாறியதால் 134ஆவது பிரிவின் கடமை தீர்ந்துவிடாது. மேலும், நிறுவனத்தின் எழுத்துபூர்வ சம்மதமின்றிப் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ பணம் தருவதாக வாக்களிக்கவோ கூடாது என்று பாலிசியிலேயே ஒரு நிபந்தனை இருக்கும். மனிதாபிமானத்தோடு மருந்துச் செலவுக்கு உதவ விரும்பினால் உதவுங்கள். காவல் நிலையத்தில் தகவல் தந்த பிறகு உதவுங்கள்.

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குக் கடிதம்

நான் செய்யத் தவறியது இதுதான், ஆகவே அழுத்திச் சொல்கிறேன். வண்டிக்குச் சேதமில்லை, கிளெய்ம் கேட்கப் போவதில்லை என்றாலும் எழுத்தில் தெரிவிப்பது சட்டக் கடமை. 134ஆவது பிரிவு கேட்பவை: பாலிசி எண்ணும் அது செல்லும் காலமும், விபத்து நடந்த தேதி, நேரம், இடம், காயம்பட்டவர் அல்லது இறந்தவர் பற்றிய விவரம், ஓட்டுநரின் பெயரும் உரிம விவரமும். மின்னஞ்சலில் அனுப்பி, பதிலாக வரும் எண்ணைச் சேமித்து வையுங்கள். சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் பார்ப்பதற்கு முன் வண்டியைப் பழுது பார்க்கக் கொடுக்காதீர்கள்.

இதனால் உங்களுக்கு என்ன நன்மை என்றால், உங்கள் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்பை ஈடுகட்டும் மூன்றாம் நபர் காப்பீட்டில் மரணத்துக்கும் காயத்துக்கும் நிறுவனத்தின் பொறுப்புக்கு உச்சவரம்பு இல்லை. பிறர் சொத்துச் சேதத்துக்குப் பொதுவாகக் காருக்கு 7.5 லட்சம் ரூபாய் வரையும், இருசக்கர வாகனத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரையும் உண்டு. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் அந்தத் தொகை முழுவதும் உங்கள் தலையில் விழும். உரிமம் இல்லாமல் ஓட்டியிருந்தால், பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் கொடுத்துவிட்டுப் பிறகு உங்களிடம் வசூலிக்க வரலாம்.

அதன் பிறகு வரும் நாட்கள்

மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பரிசோதிப்பார். அதற்காக எடுத்துச் சென்றால் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று உரிமையாளருக்குச் சொல்ல வேண்டும், நடைமுறைகள் முடிந்து 24 மணி நேரத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்கிறது 136ஆவது பிரிவு. வண்டி நிலையத்து வாசலில் வாரக்கணக்கில் நின்றால் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள்.

2022 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். ஓட்டுநர் தன் விவரங்களைப் படிவம் 3இல் நிரப்பி 30 நாட்களுக்குள் அந்த அதிகாரியிடம் தர வேண்டும். இப்படி ஒரு படிவம் இருப்பதே பலருக்குத் தெரியாது. நீங்களே கேட்டு வாங்கி நிரப்பிக் கொடுங்கள், ஒரு நகலில் கையெழுத்து வாங்குங்கள். தீர்ப்பாயத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் அன்றே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். பதில் சொல்லாமல் விட்டால் நீங்கள் இல்லாமலேயே வழக்கு நடந்து முடியும்.

சி.எஸ்.ஆர். ரசீது, முதல் தகவல் அறிக்கை, நிறுவனத்துக்கு எழுதிய கடிதம், படங்கள், சாட்சிகளின் எண்கள், படிவம் 3இன் நகல் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, குற்ற வழக்கும் இழப்பீட்டு வழக்கும் இரண்டுமே முடியும் வரை வையுங்கள். என் வழக்கில் கடைசியில் என்னைக் காப்பாற்றியது, அன்று 108ஐ அழைத்த பதிவு மட்டும்தான். அதையும் என் வழக்கறிஞர் கேட்ட பிறகே தேடி எடுத்தேன்.